திரும்பி வரவும் மூச்சு வேண்டும்

எனக்கு நீச்சல் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு மாதமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் குடியிருப்பது கடலுக்கடியில்.

போன வாரம் நண்பர் ஒருவர், "மீன் பார்க்கிறதுக்கு எதுக்குய்யா கேம்? யூடியூப்ல பார்த்துட்டுப் போக வேண்டியதுதானே" என்று கேட்டார். கமெண்டில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இந்தத் தனிப்பதிவு.

நான் ஆடுவது சப்நாட்டிகா. பழைய விளையாட்டுதான். 2014 டிசம்பரில் பாதி வேலையோடு விற்பனைக்கு வந்து, 2018 ஜனவரியில் முழுசாக வெளியானது. ஊரே ஆடி முடித்த பிறகு தள்ளுபடியில் வாங்கினேன். அரோரா என்கிற விண்கப்பல் ஒரு கோளில் விழுந்து எரிகிறது. திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர். தப்பிக்கும் கூண்டு ஒன்றில் நீங்கள் ஒற்றை ஆளாக மிதக்கிறீர்கள். மீன் பிடித்துச் சாப்பிடலாம், ஒருவகை மீனிலிருந்து குடிநீர்கூட எடுக்கலாம், பாறையை உடைத்தால் டைட்டானியமோ செம்போ கிடைக்கும். இதெல்லாம் எல்லா சர்வைவல் கேமிலும் உள்ள சமாச்சாரம். அங்கே மரம் வெட்டுவீர்கள், இங்கே பாறை உடைக்கிறீர்கள்.

ஆளைப் பிடித்து உட்கார வைப்பது மூச்சுக் கணக்கு. ஆரம்பத்தில் உங்களுக்கு 45 விநாடி. முதல் சிலிண்டர் செய்து மாட்டினால் 75. அடுத்த பெரிய சிலிண்டருக்கு 135. கேட்கும்போது தாராளமாகத் தெரியும். ஆனால் அதில் போவதும் வருவதும் அடக்கம். தரையில் நடக்கிற விளையாட்டில் கால் போன போக்கில் போகலாம், இருட்டினால் ஒரு மரத்தடியில் ஒதுங்கலாம். இங்கே கீழே போகிற ஒவ்வொரு அடியையும் திரும்பி மேலே வந்தாக வேண்டும்.

முதல் முறை செத்தது குவார்ட்ஸ் பொறுக்கப் போய். பவளப் பாறைக்கு அடியில் ஒரு பொந்து, உள்ளே வெள்ளையாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்தேன், பக்கத்தில் இன்னொன்று, வளைவுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது. 30 விநாடிதான் காற்று இருக்கிறது என்று கருவியில் பெண் குரல் சொன்னது. சரி, கிளம்பலாம் என்று திரும்பினால் வந்த வழியைக் காணோம். நான்கு பக்கமும் ஒரே மாதிரிப் பாறை. தலைக்கு மேலே நீலமாக வெளிச்சம் தெரிந்தது, அதுதான் வாசல் என்று வேகமாகப் போய் முட்டினேன். பாறையில் முளைத்திருந்த ஏதோ ஒளிரும் செடி. திரை ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. பின்னால் நின்ற அம்மா கேட்டார், "ஏன்டா, நீ எதுக்கு மூச்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க?" அப்போதுதான் கவனித்தேன், உண்மையிலேயே பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

நிஜத்தில் நீர்க்குகைகளில் இறங்குகிறவர்களிடம் ஒரு விதி உண்டு. காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மீதி ஒரு பங்கு எதிர்பாராததற்கு. வாசலிலிருந்தே கயிறு விட்டுக்கொண்டு போவார்கள், வண்டல் கலங்கிக் கண் தெரியாமல் போனாலும் தடவிக்கொண்டே வெளியே வரலாம். இதைப் படித்த பிறகு நானும் 135 விநாடியை மூன்றாக்கிப் போகப் பழகினேன். விளையாட்டில் இந்த விதியை யாரும் சொல்லித் தருவதில்லை. வரைபடமும் கிடையாது. இரண்டு மூன்று முறை செத்தால் தானாக வந்துவிடுகிறது.

இதே கணக்கைச் சின்ன வயதில் தூர இருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் பம்புசெட் கிணற்றில் பையன்கள் முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டி நீச்சல் பழகுவார்கள். தேறியவர்களுக்கு அடுத்த பரீட்சை, அடிவரைக்கும் போய்க் கைப்பிடி மண் எடுத்து வருவது. நான் கடைசிப் படியில் காலை நனைத்துக்கொண்டு எண்ணுகிற ஆள். ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது தண்ணீர் வட்டம் அடங்கிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்தக் கண்ணாடியைத் தலை உடைத்துக்கொண்டு வரும்வரை யாரும் பேசமாட்டோம். கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சேறு" என்பார்கள். எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை.

அப்புறம் பிரவுசிங் சென்டர் காலம். 2002இல் வந்த வைஸ் சிட்டி விளையாட்டு ஞாபகம் இருக்கும். ஹெலிகாப்டர் வரைக்கும் ஓட்டுகிற அதன் நாயகன் டாமி, தண்ணீரில் விழுந்தால் செத்துப்போவான். ஊரையே அடித்துப் போடுகிறவனுக்கு என் அளவுக்குத்தான் நீச்சல் என்பதில் எனக்கொரு ஆறுதல். 2004இல் அதே வரிசையில் சான் ஆண்ட்ரியாஸ் வந்தபோது அதன் நாயகன் சீஜே நீந்தினான், முக்குளித்தான். கடலடியில் 50 சிப்பி பொறுக்குகிற வேலைகூட உண்டு. சண்டையை விட்டுவிட்டு அதைத் தேடி அலைந்தது நான் மட்டுமாக இருக்காது. அதற்கும் முன்னால், 1991இல் வந்த சோனிக்கில் தண்ணீர்க் கட்டம் வந்தாலே திட்டுவார்கள். மூச்சு முடியும்போது ஒரு இசை வேகமெடுக்கும் பாருங்கள், வயிற்றைக் கலக்கும். அந்த விளையாட்டுகளில் தண்ணீர் வழியில் குறுக்கிடும் தொல்லை, எப்போது தாண்டுவோம் என்றிருக்கும். சப்நாட்டிகா தொல்லையையே முழு விளையாட்டாக்கியிருக்கிறது.

ராட்சத மிருகங்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். ரீப்பர் லெவியத்தன் கத்துவதைக் கேட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கத்தல் அதற்கு சோனார் மாதிரி, எதிரொலியை வைத்தே பார்க்கும், உங்களுக்குக் கேட்கிறது என்றால் அதற்கு நீங்கள் தெரிகிறீர்கள் என்று கருவியில் ஒரு குறிப்பு வருகிறது. யார் யோசித்தார்களோ, குரூரமான மூளை. ஆனாலும் மிருகத்துக்குப் பயந்தால் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். மூச்சுக்கு அப்படித் தவிர்க்க வழியில்லை.

இங்கே துப்பாக்கி கிடையாது. ஒரு கத்தி, எதிரியைக் கொஞ்ச நேரம் உறைய வைக்கிற கருவி, இந்த மாதிரி சிலதுதான். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டி, இன்னும் துப்பாக்கிகளைச் சேர்க்கத் தனக்கு மனம் வரவில்லை என்று இயக்குநர் சார்லி கிளீவ்லேண்ட் எழுதியிருக்கிறார். காரணத்தை மதிக்கிறேன். ஆடுகிறவனாக எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. கையில் துப்பாக்கி இருந்தால் ரீப்பரைத் தேடிப் போய்ச் சுட்டிருப்பேன், கடல் வேட்டைக்காடாகியிருக்கும். இல்லாததால் அதன் வீட்டில் நான் ஓரமாக ஒதுங்கிப் போகிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். சீமோத் என்கிற குட்டி வண்டி வந்ததும் காற்று வண்டிக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. சைக்ளாப்ஸ் வந்தால் கேட்கவே வேண்டாம், நீர்மூழ்கி வீடு. அதற்குப் பிறகு ஆழம் என்பது வண்டி எத்தனை மீட்டர் தாங்கும் என்கிற எண். கடைசிக் கால்பகுதி, எரிமலைக் குழம்பு ஓடுகிற இடமெல்லாம், பார்க்கப் பிரமாதம். ஆனால் என் நெஞ்சு படபடக்கவில்லை. 2021இல் வந்த அடுத்த பாகம் பிலோ ஜீரோவில் பனித்தரையில் நடையும் பேச்சும் வேறு. பாதியில் நிறுத்திவிட்டேன்.

நிஜக்கடலோடு ஒப்பிட்டால் தப்பும் உண்டு. ஆழத்திலிருந்து விருட்டென்று மேலே வந்தால் சிலிண்டர் கட்டிய நிஜ ஆளுக்கு ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டும், இங்கே ஒன்றும் ஆகாது. ஆனால் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். 100 மீட்டருக்குக் கீழே, அதற்கான முகமூடி இல்லாவிட்டால், காற்று வேகமாகத் தீரும். நிஜத்தில் இது இன்னும் மோசம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் மேற்பரப்பில் இருக்கிற அளவு அழுத்தம் இன்னொரு பங்கு கூடுவதால், 30 மீட்டரில் அதே சிலிண்டர் நான்கு மடங்கு சீக்கிரம் காலியாகும்.

இப்போது இரண்டாவது சுற்று. வண்டி கட்ட எல்லாச் சாமானும் பெட்டியில் கிடக்கிறது, கட்டவில்லை. சிலிண்டரும் துடுப்புக் காலணியும்தான். 40 மீட்டரில் கண்ணாடி அறை ஒன்று போட்டிருக்கிறேன். முதலில் சூரியத்தகடு ஒன்றை மட்டும் நம்பினேன், ராத்திரி மின்சாரம் தீர்ந்து வீட்டுக்குள்ளேயே மூச்சுத் திணறியது தனிக்கதை. அதைவிடக் கொடுமை, இந்த விளையாட்டு தானாக எதையும் சேமித்து வைக்காது. மூன்று மணி நேரம் ஆடிவிட்டு சேமிக்க மறந்த அன்று பார்த்து நிஜ வீட்டில் கரண்ட் போனது.

ஊதாக் காளான் முளைத்த குகையில் வண்டியில்லாமல் இறங்கியவர்கள் இந்தப் பதிவைப் படித்தால் ஒரு உதவி. உள்ளே போக எனக்குத் தெரியும். வெளியே வருகிற வழியை மட்டும் சொல்லுங்கள்.