ரெனுவார் படத்தை முதலில் தடை செய்தது நாஜிகள் இல்லை

பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் 'ஆட்டத்தின் விதி' படம் பாரிஸில் சக்கைப்போடு போட்டது, நாஜிகள் வந்துதான் தடை செய்து நெகட்டிவையும் (பிரதிகள் எடுக்க உதவும் மூலச் சுருள்) எரித்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடந்தது வேறு. 1939 ஜூலையில் வெளியானபோதே அரங்கில் கூச்சல். ரெனுவாரே காட்சிகளை வெட்டிப் பார்த்தும் படம் தேறவில்லை. அக்டோபரில் தடை போட்டது பிரெஞ்சு அரசுதான், மனச்சோர்வு தருகிறது, ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி. ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்ததே 1940 ஜூனில். அவர்களும் பிறகு தடை செய்தார்கள், அது சரி. நெகட்டிவ் அழிந்தது 1942இல், நேச நாடுகளின் குண்டுவீச்சில்! நாம் இன்று பார்ப்பது, மிஞ்சிய துண்டுகளைத் தேடிச் சேர்த்து 1959இல் ஒட்டிய 106 நிமிடப் பிரதி.

சரி, கூச்சல் ஏன்? படத்தில் ஒரு மாளிகையில் எசமானும் வேலைக்காரரும் ஒரே மாதிரி கள்ளக்காதலில் ஓடிப் பிடித்து விளையாடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்போம். நடுவில் ஒரு முயல் வேட்டை. குண்டடி பட்ட முயல் கால்களை உதறி அடங்கும்வரை கேமரா நகராது. போர் வாசலில் நின்ற நேரத்தில் அதை யார் ரசிப்பார்கள்?