கீழே ஆள் போகும்போது மேலே இடிக்காதீர்கள்

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்ட் எதிரே அந்த அஞ்சு மாடி லாட்ஜை இடிக்கும்போது ரோட்டுப் பக்கச் சுவர் பஸ் ஸ்டாப்பில் வந்து விழுந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். "யாருக்கும் அடிபடலையே, விடுங்க" என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை. சுவர் வந்து விழுந்த இடத்தில்தான் பத்து நிமிஷம் முன்னால் என் மகள் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

நான் கேட்பது ஒன்றுதான். இடிக்கிற நேரத்தில் கீழே ஆள் போகக் கூடாது.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர் போனது. பக்கத்தில் நின்ற அதன் ஜோடியை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். என் சித்தி வீடு அந்தப் பக்கம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பச் சொன்னதும் சித்திக்கு ஒரே கோபம். சித்தப்பாவின் சுகர் மாத்திரையை வேறு மறந்துவிட்டு வந்து நாளெல்லாம் புலம்பினாள். இருட்டிய பிறகுதான் வெடித்தார்கள். சில நொடியில் தரைமட்டம். தெருவில் ஓர் ஆள் இல்லை.

நொய்டாவில் 2022-இல் சுமார் 100 மீட்டர் உயர இரட்டை அடுக்குமாடிக் கோபுரங்களைத் தகர்த்தார்கள். பக்கத்துக் குடியிருப்பு ஏறக்குறைய 9 மீட்டர் தள்ளி. 3,700 கிலோ வெடிமருந்து. தூண்களைக் கம்பிவலையும் துணியும் சுற்றி மூடி, சுமார் 5,000 பேரை வெளியேற்றிய பிறகே பொத்தானை அழுத்தினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

"அது பெரிய டவர், இது சின்னக் கட்டடம்" என்பீர்கள். 2023 ஜனவரியில் சென்னை அண்ணா சாலையில் நடைபாதையில் போன இளம்பெண் மேல் விழுந்தது எந்த டவர்? இடித்துக்கொண்டிருந்த பழைய கட்டடத்தின் சுவர்தானே!

செலவாகும் என்கிறார்கள். ஆகட்டும். கடையை மூடினால் வியாபாரம் போகும் என்பது நியாயம்தான், என் மச்சானும் அதே வரிசையில் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு விடியற்காலையில் ரோட்டை அடைத்து, ரோட்டுப் பக்கச் சுவரை மட்டுமாவது உள்பக்கம் இழுத்துத் தள்ளியிருக்கலாமே? கட்டியிருந்த பச்சை வலை தூசியைத் தடுக்கும், செங்கல்லைத் தடுக்குமா? இடித்த குப்பையை அந்தந்த மாடி சிலாபிலேயே குவித்தால் சிலாப் எவ்வளவு பாரம்தான் தாங்கும்?

அந்த சிலாபில் நின்று சம்மட்டி அடித்த அண்ணனைப் பார்த்தீர்களா? ஹெல்மெட் இல்லை, காலில் ரப்பர் செருப்பு. வீடியோவுக்குக் கீழே ஒருவரும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை, மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

இன்னும் மூன்று மாடி பாக்கி இருக்கிறது. இன்று காலையும் அதே ஸ்டாப்பில்தான் பஸ் நின்றது.