இரண்டே முக்கால் மணி நேரம்

"காசு கொடுத்துதானே வாங்குற? அப்புறம் அந்தக் கடையில நீ ஏன்மா மூட்டை தூக்கணும்?"

2007-இல் அம்மா தொலைபேசியில் கேட்டது. "இங்க அப்படித்தான்மா" என்று மழுப்பிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் உருப்படியான ஒரு பதில் தோன்றுகிறது. அம்மா முகநூலில் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நியூயார்க் நகரின் புரூக்ளினில், யூனியன் தெருவில் இருக்கிறது பார்க் ஸ்லோப் ஃபுட் கோ-ஆப். 1973-இல் அக்கம்பக்கத்தார் சிலர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடை. உறுப்பினர் இல்லையென்றால் அங்கே ஒரு வாழைப்பழம்கூட வாங்க முடியாது. உறுப்பினராகப் பணம் கட்டினால் மட்டும் போதாது, வேலையும் செய்ய வேண்டும். நான் சேர்ந்தபோது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டே முக்கால் மணி நேரம். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் சேர வேண்டும். ஆகவே, வெங்காயம் வாங்கவே அலுத்துக்கொள்ளும் என் கணவரும் மாட்டிக்கொண்டார். அப்போது ஒரு முறை வராவிட்டால் இரண்டு முறை வந்து கழிக்க வேண்டும். "வேலைக்குப் பதிலா பணமா கட்டிடறேன்" என்று தப்பிக்க வழி கிடையாது.

கடையின் வேலையில் முக்கால் பங்கை உறுப்பினர்களே செய்கிறார்கள். விலை குறைவாக இருப்பதன் ரகசியமும் அதுதான். உண்மையைச் சொன்னால் நான் சேர்ந்ததும் ஆர்கானிக் கீரையின் விலையைப் பார்த்துத்தான். லட்சியம் எதுவும் கிடையாது.

கூட்டுறவு என்பது எனக்குப் புதிதும் இல்லை. நான் திருவல்லிக்கேணிக்காரி. 1904-இல் அங்கே தொடங்கிய டி.யு.சி.எஸ். என்ற திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தில் எங்கள் தாத்தா பங்குதாரர். மளிகைக்கு வேறு கடை ஏறமாட்டார். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில், நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளுமாக 28 பேர் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கக் கடை திறந்தார்களே, அந்த வழியில் வந்தவைதான் இரண்டும். ஆனால் தாத்தா பங்குப்பணம் கட்டினார், பொருள் வாங்கினார், அவ்வளவுதான். அவரை யாரும் பருப்பு பொட்டலம் கட்டச் சொல்லவில்லை.

என்னைச் சொன்னார்கள். ஞாயிறு மாலை, கடையின் அடித்தளம். தலையில் துணி, ஏப்ரன், கையுறை. பெரிய பாலாடைக்கட்டியைத் துண்டு போட்டு, எடை பார்த்து, விலைச்சீட்டு ஒட்டுவது ஒரு மேசை. முந்திரி, உலர்ந்த மாம்பழம், மசாலா சாமான்களைச் சின்னப் பைகளில் அடைப்பது இன்னொரு மேசை. நான் மசாலா மேசை. இந்தியப் பெண் என்பதால் மசாலாவில் நிபுணி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. இரண்டாவது மாதமே கருஞ்சீரகத்துக்குக் கறுப்பு எள் சீட்டை அடித்து நாற்பது பைகளில் ஒட்டி முடித்திருந்தேன். எதிரே நின்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒரு பையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சீட்டுகளை உரிக்க ஆரம்பித்தார். அந்த நாற்பதையும் சேர்ந்து உரித்ததில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

அப்போதெல்லாம் குழு முறை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே நாள், அதே நேரம், அதே முகங்கள். எங்கள் குழுவில் அந்த ஆசிரியை, டிரினிடாட்டிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், ஒரு வக்கீல், எப்போதும் தாமதமாக வரும் ஒரு வயலின்காரர். வானொலியில் எந்தப் பாட்டு என்பதில் ஒவ்வொரு முறையும் தகராறு. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதில்லை. பஸ் ஓட்டுநரோடு பதினோரு வருஷம் வேலை செய்தேன், அவருடைய குடும்பப் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு எந்த முழங்கால் வலிக்கும் என்று தெரியும்.

இதை நட்பு என்று சொல்ல மாட்டேன். நட்பில் நாம் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். தமிழ்ச் சங்கத்துக்கும் போகிறேன், பொங்கலுக்குக் கரும்பு கிடைக்கும், மனசு நிறையும். ஆனால் அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போலவே படித்து, என்னைப் போலவே விமானம் ஏறியவர்கள். அடித்தளத்தில் என்னோடு நின்றவர்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வரவில்லை என்றால் இரட்டை வேலை என்ற கடுப்பான விதிதான் எங்களைத் திரும்பத் திரும்ப ஒரே மேசைக்கு இழுத்து வந்தது. ஆசைப்பட்டால் வரலாம் என்று விட்டிருந்தால் மூன்றாவது மாதமே நான் நின்றிருப்பேன். 'தன்னார்வம்' என்ற சொல்லின் மீது எனக்குப் பெரிய மரியாதை இல்லாமல் போனது இதனால்தான்.

2012 மார்ச் 27 நன்றாக நினைவிருக்கிறது. இஸ்ரேல் பொருட்களைப் புறக்கணிப்பது பற்றி எல்லா உறுப்பினர்களிடமும் வாக்கெடுப்பு நடத்தலாமா என்று முடிவு செய்ய ஒரு கூட்டம். வழக்கமாகக் கூடும் இடம் போதாது என்று புரூக்ளின் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளி அரங்கில் வைத்தார்கள். வெளியே நீண்ட வரிசை. வேண்டாம் என்று 1,005 பேர், வேண்டும் என்று 653 பேர். வக்கீலும் ஆசிரியையும் எதிரெதிர்ப் பக்கம். அடுத்த ஞாயிறு அடித்தளத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் பாலாடைக்கட்டிச் சக்கரத்தை ஒருவர் பிடிக்காமல் இன்னொருவர் அறுக்க முடியாதே. ஏழு மணிவாக்கில் "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க" என்ற அளவில் பேச்சு வந்துவிட்டது. கருத்தை யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

அப்பா போனபோது நான் சென்னைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த முதல் ஞாயிறு. பஸ் ஓட்டுநர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. உங்கள் வழக்கத்தில் எத்தனை நாள் காரியம், அந்த நாட்களில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பிறகு டிரினிடாட்டில் அவருடைய அம்மாவின் இறுதிச்சடங்கு பற்றி, சமைத்த சட்டியின் அளவு உட்பட, விஸ்தாரமாகச் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டே ஒரு மூட்டை உலர் திராட்சையைக் காலி செய்துவிட்டோம். வீட்டில் உட்காரவைத்து என்னை யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கைக்கு வேலை இருந்ததால் பேச முடிந்தது.

சரி, எல்லோருக்கும் ஏற்ற ஏற்பாடா இது? இல்லை. வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறும் ஓட்டல் தொழிலாளிக்கும், இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கும் இந்த இரண்டே முக்கால் மணி நேரம் என்னைவிட விலை அதிகம். அதைச் சொல்லாமல் கோ-ஆப் பெருமை பேசுவது நியாயமில்லை.

2020 மார்ச்சில் தொற்று வந்ததும் உறுப்பினர் வேலையை நிறுத்தி, சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். யூனியன் தெருவில் இடைவெளி விட்டு வரிசையில் நின்று சாமான் வாங்கினேன். எல்லாம் கிடைத்தது, ஆனால் அது வெறும் கடையாக இருந்தது. வேலை திரும்பத் தொடங்கியபோது பழைய குழுக்கள் கலைந்துவிட்டன. இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான், நேரத்தையும் நாமே இணையத்தில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வசதிதான். வேலைக்குப் போனால் எல்லோரும் புது முகம், மறுமுறை வேறு புது முகம்.

நான் மட்டும் பிடிவாதமாக ஞாயிறு மாலையையே பதிவு செய்கிறேன். பஸ் ஓட்டுநரை 2020-க்குப் பிறகு பார்க்கவில்லை. விசாரிக்கலாம் என்றால் குடும்பப் பெயர் தெரியாது. போன மாதம் மசாலா மேசைக்கு எதிரே கைத்தடி ஊன்றியபடி ஒருவர் வந்து நின்றார். நான் கட்டி வைத்திருந்த பைகளில் ஒன்றை எடுத்து, சீட்டைப் படித்து, ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இந்தத் தடவை சரியா இருக்கு" என்றார் ஆசிரியை.