நீலியாக நடிக்க ஒரு நீலி கிடைக்கவில்லையா?

அந்தக் கால மலையாளப் படங்களில் பெண்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது, இப்போதுதான் எல்லாம் ஆம்பளைப் படமாகிவிட்டது என்று ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. கேரள எல்லையை ஒட்டி மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு இரண்டு மொழிப் படமும் சொந்தப் படம்தான், அந்த உரிமையில் சொல்கிறேன். சரி, இடம் இருந்தது. யாருக்கு?

முதல் மலையாளப் படம் 'விகதகுமாரன்' ஒரு குடும்பக் கதை, தொலைந்த பிள்ளை இலங்கையில் கிடைக்கிற கதை. எடுத்தவர் ஜே. சி. டேனியல், கடைசிக் காலத்தில் நம்ம அகஸ்தீஸ்வரத்தில் இருந்து 1975-இல் இறந்தாரே, அவர்தான். சொந்த நிலத்தை விற்று எடுத்த படம். நாயகி பி. கே. ரோஸி தலித் பெண், காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர், அவருக்கு வந்த வேடமோ சரோஜினி என்ற மேல்சாதி நாயர் வீட்டுப் பெண். திருவனந்தபுரம் கேப்பிட்டால் தியேட்டரில், சரோஜினியின் தலையில் இருந்த பூவை நாயகன் எடுத்து முத்தமிடுகிறான், அவ்வளவுதான், திரையைப் பார்த்துக் கல் பறந்தது. நடிப்பு சரியில்லை என்று எறிந்த கல் இல்லை அது. ரோஸி ஊரைவிட்டே ஓடி, நாகர்கோவில் பக்கம் ராஜம்மாள் என்ற பேரில் வாழ்ந்து முடித்தார் என்பார்கள். அப்புறம் அவர் நடிக்கவேயில்லை.

இனி 1954-க்கு வாருங்கள். ராமு காரியாட்டும் பி. பாஸ்கரனும் எடுத்த 'நீலக்குயில்'. தீண்டாமையை எதிர்த்த படம், ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய படம், பாட்டுகளை இன்றைக்கும் நான் கேட்கிறேன். ஆனால் தலித் பெண் நீலியாக நடித்தது மிஸ் குமாரி, கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். நன்றாகத்தான் நடித்தார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. தலித் பெண் நாயர் வேடம் போட்டால் கல்லு, வேறொருத்தி தலித் வேடம் போட்டால் பதக்கம் என்றால் இடையில் எது மாறியது என்றுதான் கேட்கிறேன்.

கதையைப் பாருங்கள். நீலியைக் கர்ப்பமாக்கிக் கைவிட்ட வாத்தியார் ஸ்ரீதரன் நாயர் கடைசியில் மனம் திருந்தி மகனை ஏற்றுக்கொள்கிறார், தியேட்டரே மூக்கைச் சிந்துகிறது. மன்னிக்க வேண்டியவள் பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டு எப்போதோ செத்துப்போய்விட்டாள், அதனால் வாத்தியாருக்கு வசதி. பெண்ணை மையமாக வைத்த படம் என்று நாம் கொண்டாடுகிற அழுகைப் படங்கள் பலவற்றில் நடப்பது இதுதான், அவள் அழுவாள், சாவாள், திருந்துகிற வேலை மட்டும் ஆணுக்கு.

டேனியல் பேரில் 1992-இலிருந்து கேரள அரசு விருது கொடுக்கிறது, கொடுக்கட்டும், தகுதியான ஆள். ரோஸி பேரில் ஒரு திரைப்படச் சங்கம் வர 2019 ஆயிற்று, அதையும் சினிமாவில் இருக்கிற பெண்களே கூடித் தொடங்க வேண்டியிருந்தது.