ஏய்பேக்குக்குத் தனி விலக்கு எதுவும் இல்லை

ஏய்பேக் என்பது இஸ்ரேலுக்குச் சாதகமாக அமெரிக்க அரசியல்வாதிகளிடம் லாபி செய்யும், அதாவது ஆதரவு திரட்டும், அமைப்பு. அதைப் பற்றி, "ஏய்பேக் வெளிநாட்டு முகவராகப் பதிவு செய்யாமல் இருக்க அமெரிக்கச் சட்டத்திலேயே தனி விலக்கு வைத்திருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. அப்படி ஒரு வரிகூடச் சட்டத்தில் கிடையாது. வெளிநாட்டு முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 1938-இல் வந்த ஃபாரா சட்டம், நீங்கள் எந்த நாட்டுக்குச் சாதகமாகப் பேசுகிறீர்கள் என்று பார்ப்பதில்லை. அந்த நாட்டு அரசோ கட்சியோ நிறுவனமோ சொல்லி, அதன் கட்டுப்பாட்டில் பேசுகிறீர்களா என்றுதான் பார்க்கிறது. ஏய்பேக் அமெரிக்கர்களிடம் நன்கொடை வாங்கும் அமைப்பு, உள்நாட்டு லாபி சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுகிறது.

நீங்கள் எதை வைத்துக் குழம்பினீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. லாபி சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு ஃபாராவில் விலக்கு உண்டுதான், ஆனால் அது எல்லாருக்கும் பொதுவானது, அதுவும் வெளிநாட்டு அரசு முக்கியப் பயனாளியாக இருந்தால் செல்லாது. அப்புறம் 1962: நீதி அமைச்சகம் பதிவு செய்யச் சொன்னது ஏய்பேக்கை அல்ல, அமெரிக்க சியோனிஸ்ட் கவுன்சில் என்ற வேறொரு அமைப்பை, இஸ்ரேலில் இயங்கும் யூத ஏஜென்சி என்ற அமைப்பிடமிருந்து அதற்குப் பணம் வந்ததால். ஏய்பேக்கைத் தாராளமாகத் திட்டுங்கள், எனக்கும் அதன்மேல் பாசம் இல்லை; ஆனால் ஃபாராவை இழுப்பதென்றால் உத்தரவோ பண வரவோ ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும்.