நாற்பது செகண்ட்

அந்த வீடியோவை இனிமேல் எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம். நேற்று ராத்திரிக்குள் பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்தாயிற்று. அண்ணனின் இசை ஆல்பத்திலிருந்து 40 செகண்டை வெட்டி, "மெஷின் ரிப்பேருக்கு வந்திருக்கு" என்று எழுதி ஒட்டியிருக்கிறார் அந்தத் தம்பி. நல்ல நகைச்சுவை. வாழ்க.

ஆமாம், அது தையல் மெஷின்தான். அண்ணி மிதித்த மெஷின். சிரித்தவர்களில் சிலர் வீட்டு ஜாக்கெட்டே அதில் தைத்ததாக இருக்கும்.

அண்ணனை உங்களுக்குத் தெரியும். தீமிதி, கல்யாண வரவேற்பு என்று இருபது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறவர். நீங்கள் கேட்ட பாட்டையெல்லாம் முகம் சுளிக்காமல் வாசித்தவர். அண்ணி போன பிறகு எட்டு மாதம் எந்த மேடையும் ஏறவில்லை. அப்புறம் தனியாக உட்கார்ந்து இதைச் செய்தார். 41 நிமிடம். வரிகள் கிடையாது. கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடல், வாட்ஸ்அப்பில் மிச்சமிருந்த அண்ணியின் குரல், மெஷின் சத்தம். துணி திரும்பும் இடத்தில் மிதி நிற்கும், மறுபடி கிளம்பும். அந்த நிற்கிற இடத்தில்தான் கீபோர்டு உள்ளே வரும். இது 40 செகண்டில் எப்படித் தெரியும்? முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"ராகம் எங்கே, தாளம் எங்கே?" என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். ஐயா, உங்கள் வீட்டுச் சாவில் ஒப்பாரி வைத்த கிழவியிடம் போய்ச் சுருதி சேரவில்லை என்று சொன்னீர்களா? பாரி இறந்த பிறகு கபிலர் பாடியதற்குக் கையறுநிலை என்று துறை வகுத்து, பாடப்புத்தகத்தில் வைத்துப் பத்து மதிப்பெண் கொடுக்கிறோம். அந்தக் கபிலர் உயிர்விட்டதாகச் சொல்கிற பெண்ணையாறுதான் நம் ஊர்ப் பக்கம் கடலில் சேருகிறது. இரண்டாயிரம் வருடம் ஆனால்தான் துக்கத்துக்கு மரியாதை போல.

"பொண்டாட்டி சாவை வைத்து லைக் வாங்குகிறான்." இதை எழுதியவருக்குப் பதில் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தேன். 1980 டிசம்பரில் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருடமே அவர் மனைவி யோகோ ஓனோ ஓர் ஆல்பம் போட்டார். அட்டையில் லெனனின் ரத்தம் படிந்த கண்ணாடி. அந்த அம்மாவையும் அப்படித்தான் திட்டினார்கள். ஊர்தான் வேறு, வாய் ஒன்றுதான். இன்னொன்று, அண்ணன் ஆல்பத்துக்காகப் பாண்டிச்சேரியில் நடந்த கூட்டத்துக்கு டிக்கெட்டே கிடையாது. நீங்கள் தின்ற சமோசா அண்ணன் காசு.

"துக்கத்தை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" இதைக் கேட்டவர் நல்ல மனிதர், அதனால் யோசித்தேன். நம் ஊரில் யார் கதவைச் சாத்திக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள்? தெருவில் பந்தல் போட்டு, பறை அடித்துத்தானே அழுகிறோம்? இதுவும் பந்தல்தான். வருகிறவர் வரலாம், வராதவர் வேலையைப் பார்க்கலாம். வாசலில் நின்று படம் பிடித்துச் சிரிப்பதுதான் ஆகாது.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. மூன்றாவது துண்டு எனக்கே இழுவைதான். ஆனால் ஐந்தாவதில் அண்ணி "கொக்கி வாங்கிட்டு வாங்க, சின்னது" என்கிறார். அவ்வளவுதான் வசனம். அங்கே எழுந்து வெளியே போய்விட்டேன். பிடிக்காமல் இல்லை.

எங்கள் அம்மா எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். மழை வருது, மாடியில துணி கிடக்கு, சீக்கிரம் வா என்று. பதினேழு செகண்ட். அம்மா இறந்து ஒரு வருடம் கழித்து போனில் இடமில்லை என்று வந்தது. காலை வணக்கப் படங்களோடு சேர்த்து அதையும் அழித்துவிட்டேன். தெரியாமல்தான். யாரைத் திட்டுவது? அண்ணன் அழிக்காமல் வைத்திருந்தார். அதற்காகவாவது கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேட்கலாம் இல்லையா? 41 நிமிடம். ஒரு கிரிக்கெட் மேட்சில் பாதிகூட இல்லை.

சரி, கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். அந்தத் தம்பி என்னை பிளாக் செய்துகொள்ளலாம்.

காலையில் அண்ணன் போன் செய்தார். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷின் பெல்ட் தளர்ந்துவிட்டதாம், மஞ்சக்குப்பத்தில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.