யாளி எதைத் தின்னும்?

யாளி உண்மையிலேயே வாழ்ந்த விலங்குதான் என்று நிறுவ முயலும் பதிவுகள் அவ்வப்போது முகநூலில் வலம் வருகின்றன. கோயில் தூணின் படம் ஒன்று, பக்கத்தில் ஏதோ ஒரு தொல்லுயிரின் எலும்புக்கூடு, கண்ணால் பார்க்காமல் இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடியுமா என்ற கேள்வி, அவ்வளவுதான். முடியும் என்பதே என் பதில். பழம்பெருமை பேசுவதாக நினைத்துக்கொண்டு, புலவரையும் சிற்பியையும் கண்டதைப் படியெடுத்தவர்களாக இந்தக் கேள்வி குறுக்கிவிடுகிறது. இல்லாத ஒரு விலங்குக்கு உணவும் வாழிடமும் பகையும் வகுத்து, அவை ஒன்றோடொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்வது, இருக்கிற விலங்கை வருணிப்பதைவிடக் கடினமான வேலை.

சங்கப் பாடல்களில் யாளி 'ஆளி' என்று வரும். நற்றிணையின் 205ஆம் பாடலில் ஒரு களிறு புலியைக் கொல்கிறது. அந்தக் களிற்றை ஆளி இழுத்துச் செல்கிறது. காட்டை அறிந்தவர்களுக்கு இந்த வரிசையின் பொருள் விளங்கும். வளர்ந்த ஆண் யானைக்கு மனிதனைத் தவிர இயற்கையில் வேட்டைப் பகை கிடையாது. புலிகூடப் பெரும்பாலும் கன்றுகளைத்தான் குறிவைக்கும். காட்டின் உச்சியில் காலியாகக் கிடந்த அந்த இடத்தில்தான் புலவர்கள் ஆளியை உட்கார வைத்தார்கள். புலியை வேறு பெயரில் மறுபடியும் படைக்கவில்லை, புலியால் செய்ய இயலாததைச் செய்ய ஒரு விலங்கைப் படைத்தார்கள். பொருநராற்றுப்படையோ அதற்குப் பால்குடி மறவாத குட்டியையும் தருகிறது. தாயின் முலையை விடுவதற்கு முன்பே முதல் வேட்டையில் களிற்றைக் கொல்லும் ஆளிக் குருளையை இளம் கரிகாலனுக்கு உவமையாக்குகிறார் முடத்தாமக்கண்ணியார். முட்டையிலிருந்து வந்ததா, நெருப்பிலிருந்து எழுந்ததா என்ற குழப்பமெல்லாம் இல்லை. ஆளி பாலூட்டி, அதன் குட்டிக்குத் தாய் உண்டு.

என்னை மிகவும் வியக்க வைப்பது அதன் உணவு. அகநானூறு 381ஆம் பாடலில் ஆண் ஆளி யானையின் 'வெண்கோடு வாங்கிக் குருகு அருந்தும்' என்று வருகிறது. அதாவது தந்தத்தைப் பிடுங்கி, அதன் உள்ளிருக்கும் குருத்தைத் தின்கிறது. யானையின் தந்தம் என்பது மேல்தாடையின் வெட்டுப்பல்தான். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். வெளியே தெரியும் நுனி திண்மையானது. அடிப்பகுதியோ உட்குழிவானது, குருதிக்குழாய்களும் நரம்புகளும் ஓடும் மென்மையான சதை நிறைந்தது. ஆகவே குருத்து வேண்டுமென்றால் தந்தத்தை நுனியில் ஒடித்துப் பயனில்லை, வேரோடு பிடுங்கியாக வேண்டும். புலவர் பிடுங்கத்தான் வைக்கிறார். அகநானூறு 252இலும் ஆளி யானையின் முகத்தில் மோதிக் கொம்பைப் பறித்தே எடுக்கிறது. இறந்த யானையிடமிருந்து தந்தம் எடுத்த மலைவாழ் மக்களிடமிருந்து இந்த அறிவு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். விலங்கு கற்பனை, ஆனால் அதன் பல்லில் சிக்கிய உணவு துல்லியமான உடற்கூற்றியல். (சுமார் நான்கு டன் எடையுள்ள களிற்றைக் கொன்றுவிட்டுக் கொம்பின் குருத்தை மட்டும் தின்கிற விலங்குக்கு வயிறு எப்படி நிரம்பும் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. மிச்சத்தையும் தின்றிருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.)

மேலே சொன்ன பாடல்கள் எதிலும் ஆளிக்குத் தும்பிக்கை இல்லை. தும்பிக்கை வைத்தவர்கள் சிற்பிகள். உயிரியல்படி பார்த்தால் இது பொருந்தாத சேர்க்கை. தும்பிக்கை என்பது மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்ட உறுப்பு. கனத்த தலையும் குறுகிய கழுத்தும் உடைய யானையின் வாய் தரையை எட்டாததால் அதற்குத் தேவைப்படுவது. பாய்ந்து கடித்துக் கொல்லும் விலங்குக்கோ வாய்க்கு முன்னால் இப்படி ஒன்று தொங்குவது வேட்டைக்கே தடை. ஆனால் வேலூர் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்திலோ மதுரை ஆயிரங்கால் மண்டபத்திலோ ஒரு தூணின் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் யாளி தூணிலிருந்து வெகுவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இத்தகைய தூண்கள் பலவற்றில் யாளியின் தும்பிக்கை கீழே இறங்கி, காலடியில் இருக்கும் யானையின் தும்பிக்கையோடு சேர்ந்துவிடும். அந்தரத்தில் நிற்கும் கல்லுக்கு அங்கே ஒரு பிடிமானம் கிடைக்கிறது. காட்டில் வாழ முடியாத அந்த உடல் கருங்கல்லில் நன்றாகவே வாழ்கிறது. தாரமங்கலம் கோயிலில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தும் இப்படித்தான்: விரலால் உருட்டலாம், பற்களைத் தாண்டி வெளியே எடுக்க முடியாது. அந்த வாய் இரை தின்பதற்காக அமைந்ததல்ல, உளியின் திறத்தைக் காட்ட அமைந்தது. ஆகவே தூணைக் காட்டி உயிரியல் பேசுவோர் தவறான சாட்சியை அழைத்து வந்திருக்கிறார்கள்.

யாளிக்குக் கிடைத்த புகழ், சங்கப் பாடல்களில் வரும் இன்னொரு கற்பனை உயிரான அசுணத்துக்குக் கிடைக்கவில்லை என்ற குறை எனக்கு உண்டு. அதன் உயிரியல் யாளியினுடையதைவிட நுட்பமானது. அசுணம் மலைப்பிளவுகளில் வாழும். இனிய இசைக்கு மயங்கும். கடும் ஓசையைத் தாங்காது. வேட்டுவர் யாழ் மீட்டி அதை வெளியே வரவழைத்து, பிறகு பறையை அறைந்து கொல்வார்கள் என்பது மரபு. நற்றிணை 304இல் தலைவனின் மார்பு இன்பமும் துன்பமும் ஒருங்கே தருவதால், அசுணம் கொல்பவரின் கையைப் போன்றது என்கிறாள் தலைவி. ஒரு புலன் மட்டும் மிதமிஞ்சிக் கூர்மையடைந்த உயிருக்கு அந்தப் புலனே வாசலாகவும் பொறியாகவும் ஆகிவிடும் என்பது நடைமுறை உயிரியலும் அறிந்ததே. விளக்கில் விழும் விட்டில் கண்முன் இருக்கிறது. ஈழத்துப் பூதன்தேவனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அகநானூறு 88இல் யானையின் மதநீரை மொய்க்கும் வண்டுகளின் இரைச்சலை யாழ் என்று தவறாக எண்ணி அசுணம் செவிசாய்க்கிறது. புலன் கூர்மையானது என்று சொன்னதோடு நில்லாமல், அது எங்கே ஏமாறும் என்பதையும் யோசித்திருக்கிறார்.

இத்தனைக்கும் அசுணம் பறவையா விலங்கா என்று இந்தப் பாடல்கள் சொல்வதே இல்லை. பிற்காலத்தவர் இருவிதமாகவும் கொண்டார்கள். அதைப் பாடல்களின் குறையாக நான் கருதவில்லை. அந்த வேட்டை நடக்க ஒரு மலைப்பிளவும், ஒரு செவியும், ஒரு யாழும், ஒரு பறையும் போதும். இறகா மயிரா என்பது வேட்டுவனுக்கும் தேவைப்படவில்லை, தலைவிக்கும் தேவைப்படவில்லை.